கட்டி தட்டுப்பட்டால் எந்த வாசலுக்குப் போவது?

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கத்து ஊரிலிருந்து 26 வயதுப் பெண் ஒருவர் கேட்டிருக்கிறார்: அண்ணன் மனைவிக்கு 32 வயதில் மார்பகப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள், சிகிச்சை இன்னும் தொடங்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் இவர் வீட்டுத் தார்சாவில் பீடி சுற்ற உட்காரும் பெண்கள் பதினைந்து பேர், 16 வயதிலிருந்து 35 வரை. மைனி (அண்ணி) செய்தி கேட்டதிலிருந்து எல்லோரும் பயந்து கிடக்கிறார்கள். அவர்களுக்கு மாதாமாதம் தடவிப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கலாமா, வேறு என்ன சொல்வது, மைனிக்கு நான் என்ன செய்ய முடியும், எப்படி ஆறுதல் சொல்வது என்பது கேள்வி. எழுதாமல் விட்ட கேள்வி ஒன்றும் இதற்குள் இருக்கிறது: எனக்கும் வருமா? அதை முதலில் பேசிவிடுவோம். அது மனசில் உறுத்திக்கொண்டே இருந்தால் மற்றது எதுவும் காதில் ஏறாது.

மைனி சொந்தமில்லாத அசலில் இருந்து வந்த பெண் என்றால் அவர் நோய்க்கும் உங்கள் உடம்புக்கும் தொடர்பே இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒரே பாயில் படுத்தாலும் இது ஒட்டாது. ஆனால் நம் பக்கம் மாமன் மகளைக் கட்டுவது உண்டு. மைனி உங்கள் தாய்மாமன் மகளாக இருந்தால் அவர் இரத்த உறவு, கணக்கு கொஞ்சம் மாறும். மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து பேருக்குத்தான் பரம்பரை மரபணுக் கோளாறு நேரடிக் காரணம். பி.ஆர்.சி.ஏ.-1, பி.ஆர்.சி.ஏ.-2 என்பவை அதில் முக்கியமானவை. இவற்றில் கோளாறு இருக்கும் பெண்களில் பத்தில் ஏழு பேர் அளவுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி, அது மகனானாலும் சரி, மகளானாலும் சரி. அப்பா வழியிலும் இறங்கும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். "எங்க அம்மா வீட்ல யாருக்கும் இல்ல" என்று சொல்லி, அத்தைக்கு முப்பத்தைந்தில் மார்பகத்தை எடுத்ததைச் சொல்லாமல் விடுவார்கள். ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு பக்கத்து ஆச்சிமார் வரைக்கும் எழுதுங்கள். யாருக்கு என்ன புற்றுநோய், எந்த வயதில் என்று குறியுங்கள். மார்பகம், சினைப்பை, ஆண்களுக்கு வந்த மார்பகப் புற்று மூன்றும் முக்கியம். சொந்தத்துக்குள் கட்டிய குடும்பங்களில் ஒரே ஆள் இரண்டு இடத்தில் வருவார், அதனால்தான் வாயால் சொல்வதைவிடத் தாளில் வரைவது நல்லது. மரபணுப் பரிசோதனையை நோய் வந்தவருக்குத்தான் முதலில் செய்வார்கள். 32 வயதில் வந்திருப்பதே அதைப் பற்றி மருத்துவரிடம் கேட்கப் போதுமான காரணம்.

இனி பதினைந்து பேர். அவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது, இந்த வயதில் தட்டுப்படும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்று அல்ல என்பது. இருபதை ஒட்டிய வயதில் வழுவழுப்பாக, தொட்டால் நழுவி ஓடுகிற உருண்டை பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமா என்னும் சாதாரணக் கட்டி. ஸ்கேனில் தெளிவாகத் தெரிந்தால் பல நேரம் அறுக்கவே வேண்டியதில்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்து வளர்கிறதா என்று பார்ப்பார்கள். அப்படியானால் எதற்கு இந்தப் பேச்சு என்றால், மேலை நாடுகளைவிட இந்தியாவில் இந்த நோய் சராசரியாகப் பத்து வருடம் முன்னதாகவே வருகிறது. முப்பதுகளில் வருவது அபூர்வமும் அல்ல. இளம் வயதில் வந்தால் வேகமாக வளரும் வகையாக இருக்க வாய்ப்பு கூடுதல். அதோடு, இந்த வயதுப் பெண்ணிடம் கட்டியைப் பார்க்கும் யாருக்கும் முதலில் கேன்சர் என்று தோன்றாது. கைக்குழந்தைக்காரி என்றால் 'பால் கட்டியிருக்கு' என்று சொல்லி மாதங்கள் ஓடிவிடும். அறிகுறி தெரிந்து மூன்று மாதத்துக்கு மேல் தள்ளிப்போனால் பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது. இது நிலைநாட்டப்பட்ட விஷயம்.

மாதாமாதம் தடவிப் பார்ப்பது விஷயத்தில் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேடைகளில் இதைச் சொல்வதில்லை. சீனாவில் ஷாங்காய் நகரத்து நெசவாலைப் பெண்கள் சுமார் 2,66,000 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சுயபரிசோதனையை முறையாகக் கற்றுக்கொடுத்து, பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்தார்கள். 2002-ல் முடிவு வந்தது: இறப்பு எண்ணிக்கையில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசமில்லை. கற்றுக்கொண்டவர்களுக்குச் சாதாரணக் கட்டிக்காகச் செய்த பயாப்சிதான் (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) கூடியது. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை வேறு வழியில் பார்த்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மார்பகத்தைக் கையால் சோதித்தார்கள். 35 முதல் 64 வயது வரை சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள், இருபது வருடக் கண்காணிப்பு. 2021-ல் வந்த முடிவில், 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. 50-க்குக் கீழே அப்படிக் குறையவில்லை. ஆகவே நாள் குறித்து, சுற்று எண்ணி, சடங்கு மாதிரி செய்யச் சொல்லி அந்தப் பெண்களைக் கட்டாயப்படுத்த ஆதாரம் இல்லை. தன் மார்பு எப்போதும் எப்படி இருக்கும் என்று தெரிந்து வைத்திருப்பதும், மாறினால் உடனே காட்டுவதும் நல்லது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. குளிக்கும்போதோ உடை மாற்றும்போதோ அவ்வப்போது பார்த்தால் போதும், ஒரு மாதம் விட்டுப்போனால் குற்ற உணர்ச்சி தேவையில்லை.

தொட்டுப் பழகக் கற்றுக்கொடுக்க உங்களுக்கு வாய்த்த மாணவிகள் சாமானியப்பட்டவர்கள் அல்ல. பீடியில் தூள் கூடுதலா குறைவா என்று கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு விரலாலேயே கண்டுபிடிக்கிறவர்கள். அந்த உணர்ச்சி விரலின் சதைப்பகுதியில் இருக்கிறது, நுனியில் இல்லை. இங்கேயும் அதுதான் வேண்டும். பொம்மை மார்பகம் விலைக்கு வாங்க வேண்டாம். கால் கிலோ மைதாவைப் பரோட்டா மாவைவிடத் தளர்வாக எண்ணெய் விட்டுப் பிசைந்து, கெட்டியான பிளாஸ்டிக் கவரில் போடுங்கள். மேல்பக்கம் ஒரு பட்டாணி, நடுவில் ஒரு புளியங்கொட்டை, அடியில் கவரோடு ஒட்டுகிற மாதிரி உடைத்த கொட்டைப்பாக்குத் துண்டு ஒன்று. மேலே பழைய நைட்டித் துணி. சொளவில் வைத்துக் கைமாற்றிக் கைமாற்றித் தொடச் சொல்லுங்கள். இலேசாகத் தடவுகிறவள் பட்டாணியை மட்டும் கண்டுபிடிப்பாள். கொஞ்சம் அழுத்தினால் புளியங்கொட்டை நழுவும். எலும்பு தெரிகிற அளவு அழுத்தினால்தான் பாக்கு தட்டும், அது நகராது. மூன்று அழுத்தம் என்று வாயால் பத்துத் தடவை சொன்னாலும் புரியாதது இதில் ஒரே நிமிடத்தில் புரிந்துவிடும். ஒரு மணி நேரத்தில் மாவு இறுகிவிடும், அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம்: வயதுப் பெண்களுக்குச் சதை இப்படித்தான் இறுக்கமாக இருக்கும், அதனால்தான் அவர்களுக்கு மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரேயில் சரியாகத் தெரிவதில்லை என்று சொல்லிவிடலாம். புற்றுக்கட்டி என்றால் பாக்கு மாதிரி கல்லாகத்தான் இருக்கும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மெத்தென்று நழுவுகிற புற்றும் உண்டு. கட்டியின் குணத்தை விரலால் தீர்மானிக்க முடியாது, கட்டி இருக்கிறதா இல்லையா என்பதோடு விரலின் வேலை முடிந்தது.

தன் உடம்பில் பார்க்கும்போது மாதவிடாய் முடிந்த மூன்று நான்கு நாளில் பார்ப்பது நல்லது. வருவதற்கு முந்தின வாரம் பலருக்கும் மார்பு கனத்து, திப்பித்திப்பியாக இருக்கும். மல்லாந்து படுத்து, பார்க்கப்போகிற பக்கத்துத் தோளுக்கடியில் ஒரு துண்டை மடித்து வைத்து, அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொள்ள வேண்டும். மற்றக் கையின் நடு மூன்று விரல்களை ஒட்டி வைத்து, ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குச் சுற்றிச் சுற்றித் தடவியபடி அக்குளில் தொடங்கி மேலும் கீழுமாகக் கோடு போட்ட மாதிரி நடு நெஞ்செலும்பு வரை வர வேண்டும். காறையெலும்பிலிருந்து பாடி முடிகிற கோடு வரைக்கும் எல்லை. எல்லோரும் செய்யும் தப்பு, கட்டைவிரலும் சுட்டுவிரலும் வைத்துக் கிள்ளிப் பார்ப்பது. கிள்ளினால் நல்ல சதையும் கட்டி போலத்தான் தெரியும், அன்றிரவு தூக்கம் போய்விடும். இரண்டாவது தப்பு, அக்குள் பக்கத்தை விட்டுவிடுவது. மார்பகச் சதை அங்கேயும் வால் மாதிரி நீண்டிருக்கிறது, புற்றில் பாதி அளவு அந்த மேல் வெளிப்பக்கத்தில்தான் வருகிறது. மார்பின் அடிவிளிம்பில் தட்டுப்படும் கெட்டியான வரம்பும், அழுத்தினால் தெரியும் விலா எலும்பும் இயல்பானவை. சந்தேகம் வந்தால் அடுத்த பக்கத்தில் அதே இடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் ஒன்றுபோல் இருந்தால் பெரும்பாலும் அது உடம்பின் அமைப்பு.

கண்ணாடியில் பார்ப்பது இன்னும் சுலபம், ஆனால் அதை யாரும் செய்வதில்லை. கையை இடுப்பில் ஊன்றி அழுத்தி ஒருமுறை, இரண்டு கையையும் தூக்கி ஒருமுறை. தோலில் புதிதாகக் குழி, ஆரஞ்சுத் தோல் மாதிரி துளைத்துளையாகத் தடிப்பு, இதுவரை வெளியே இருந்த காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலோ கருவட்டத்திலோ ஆறாத சொறி, ஒரு பக்கக் காம்பிலிருந்து தானாக இரத்தம் கலந்த கசிவு, அக்குளில் நெறி கட்டி இரண்டு வாரமாகியும் வாடாமல் இருப்பது: இவற்றில் ஏதாவது இருந்தால் காட்ட வேண்டும். பால் கொடுப்பவளுக்கு மார்பு சிவந்து வீங்கினால் பெரும்பாலும் பால் கட்டி வரும் அழற்சிதான். மாத்திரையில் பத்துப் பதினான்கு நாளில் வடியவில்லை என்றால் இன்னொரு சீட்டு மாத்திரையோடு திரும்பக் கூடாது, ஸ்கேன் கேட்க வேண்டும். வலி மட்டும் இருந்தால், கட்டி எதுவும் இல்லையென்றால், அது புற்றாக இருப்பது மிகக் குறைவு. வலிக்கவில்லையே என்று நிம்மதியாக இருப்பதுதான் ஆபத்து. ஒரு மார்பு பெரிது, ஒன்று சிறிது என்பது பிறவி அமைப்பு. உங்கள் கூட்டத்தில் வயதுக்கு வரப்போகும் தங்கைமார் யாராவது வந்து உட்கார்ந்தால் ஒன்றைத் தனியாகச் சொல்லிவிடுங்கள்: ஒன்பது பத்து வயதில் ஒரு பக்கக் காம்புக்கு அடியில் மட்டும் நெல்லிக்காய் மாதிரி வலிக்கிற உருண்டை வருவது மார்பு வளரத் தொடங்குவது. அதைக் கட்டி என்று பயந்து அறுத்துவிட்டால் அந்தப் பக்கம் மார்பே வளராது.

இவ்வளவும் ஒரு சாயங்காலத்தில் சொல்லிவிடலாம். மெனக்கெட வேண்டிய இடம் இதற்கு அடுத்தது: கட்டி தட்டுப்பட்ட பெண் மறுநாள் காலையில் எங்கே போவாள்? அக்டோபர் மாதம் கல்லூரிகளில் இளஞ்சிவப்பு ரிப்பன் குத்தி நடத்தும் கூட்டங்கள் பெரும்பாலும் இந்த இடத்துக்கு வருவதற்குள் நன்றியுரைக்குப் போய்விடுகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை உண்டு, கேட்டாலே செய்வார்கள். அறிகுறி இருந்தால் வயது கணக்கே கிடையாது, 19 வயதுப் பெண்ணும் போகலாம். அங்கிருந்து சீட்டு வாங்கிக்கொண்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால், நிற்க வேண்டிய வரிசை அறுவைச் சிகிச்சைப் பிரிவு. பெண் சம்பந்தப்பட்டது என்று பிரசவ டாக்டரிடம் போய் நின்று ஒரு நாளைத் தொலைப்பவர்கள் ஏராளம். பரிசோதிக்கும்போது பெண் பணியாளர் ஒருவர் கூட இருக்கக் கேட்பது உங்கள் உரிமை, கேட்க வெட்கப்பட வேண்டாம். கையால் பார்த்த பிறகு, முப்பதை ஒட்டிய வயது வரை முதலில் அல்ட்ராசவுண்ட், அதற்கு மேல் மேமோகிராமும் சேரும். ரிப்போர்ட்டில் பைராட்ஸ் என்று ஒரு எண் இருக்கும். 2 என்றால் சாதாரணம். 3 என்றால் நூற்றில் இரண்டு பேருக்கும் குறைவாகவே புற்று, ஆறு மாதத்தில் திரும்பப் பார்ப்பது. 4, 5 என்றால் பயாப்சி எடுக்காமல் வீட்டுக்கு வரக் கூடாது. அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்த ஒருத்தி தெருவில் இருந்தால் போதும்.

ஊசி போட்டால் பரவிவிடும், கத்தி பட்டால் பரவிவிடும் என்பது நம் பக்கம் வேரோடிய பயம். பரவாது. பரவிவிட்டது போலத் தோன்றுவதற்குக் காரணம், பயந்து பயந்து கடைசியில் போகும்போது ஏற்கெனவே பரவியிருப்பது. மரத்துப்போக ஊசி போட்டு, சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஊசியால் சதைத் துணுக்கு எடுப்பார்கள். டக் என்று ஒரு சத்தம் கேட்கும், அதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் துள்ள மாட்டார்கள். அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல், ஸ்கேன்கூட இல்லாமல், சின்னக் கட்டிதானே என்று எடுத்துப்போட்டுவிடுவதுதான் பெரிய கேடு. அது புற்றாக இருந்தால் பாதி எடுத்து பாதி விட்டிருப்பார்கள், மறுபடி அறுக்க வேண்டும், அடுத்தடுத்த சிகிச்சைத் திட்டமே குழம்பும். எடுத்த சதையை எங்கே என்று கேளுங்கள். அது 10 சதவீத ஃபார்மலினில், சதையைப் போலப் பத்து மடங்கு திரவத்தில், எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் மூழ்கியிருக்க வேண்டும். பாட்டிலைக் குடும்பத்தார் கையில் கொடுத்து லேபுக்கு அனுப்பினால், பஸ்ஸில் வைத்துக்கொண்டு மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். உப்புத் தண்ணீரில் போட்டால் சதை கெட்டுவிடும், பின்னால் செய்யும் ஹார்மோன் சோதனை தப்பாக வரும். லேபில் அந்தச் சதையைப் பதித்து வைக்கும் மெழுகுக் கட்டையும், அதிலிருந்து சீவி ஒட்டிய கண்ணாடிச் சில்லும் நோயாளிக்கு வேண்டியவை. வேறு மருத்துவமனையில் கருத்துக் கேட்கப் போனால் லேபில் எழுதிக் கொடுத்து வாங்கிப் போகலாம்.

மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போடுவதைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். சீழ்க்கட்டில்கூட அது தோலைப் புண்ணாக்கும், புற்றில் நாளைத்தான் தின்னும். ஜாக்கெட்டுக்குள் சில்லறையும் செல்போனும் வைப்பது, கறுப்பு பாடி போடுவது, மாடு முட்டியது எதுவும் புற்றைக் கொண்டுவராது. முட்டிய இடத்தில் கொழுப்பு இறுகிக் கட்டி மாதிரி வரலாம், அதையும் ஸ்கேன்தான் சொல்ல வேண்டும். புகையிலைத் தூசி நுரையீரலுக்கும் தோலுக்கும் கெடுதல். மார்பகப் புற்றோடு அதை முடிச்சுப் போட உறுதியான ஆதாரம் இல்லை. பிள்ளைக்குப் பால் கொடுப்பது ஓரளவு காக்கும், கொடுத்தவளுக்கு வராது என்று அர்த்தமில்லை.

இனி மைனி. சிகிச்சை தொடங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இந்த வாரம் பொன்னான வாரம். அவரும் அண்ணனும் டாக்டர் முன்னால் உட்காரும்போது காதில் பாதிதான் விழும், நீங்கள் ஒரு நோட்டோடு கூடப் போங்கள். கேட்டு எழுத வேண்டியவை இவை: கட்டி எத்தனை சென்டிமீட்டர், அக்குளில் இருக்கிறதா, இ.ஆர்., பி.ஆர். (இரண்டும் ஹார்மோன் சோதனைகள்), ஹெர்-2 (ஒரு புரதச் சோதனை) மூன்றும் பாசிட்டிவா நெகட்டிவா. சிகிச்சை முழுக்க அந்த மூன்று சொல்லைப் பிடித்துத்தான் நடக்கும். மார்பகம் முழுவதையும் எடுக்க வேண்டுமா, கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தால் போதுமா என்றும் கேளுங்கள். பொருத்தமானவர்களுக்கு இரண்டும் ஒரே அளவு ஆயுள் தருகின்றன, இருபது வருடம் தொடர்ந்து பார்த்து உறுதியானது இது. ஆனால் மார்பகத்தை வைத்துக்கொண்டால் கரண்ட் கட்டாயம், வாரத்துக்கு ஐந்து நாள், மூன்றிலிருந்து ஆறு வாரம். முக்கூடலிலிருந்து தினமும் போய்வர முடியுமா, பாளையங்கோட்டையில் சொந்தக்காரர் வீடு உண்டா என்பதையும் சேர்த்து யோசித்து முடிவெடுக்க வேண்டும். திருவனந்தபுரம் ஆர்.சி.சி., சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்று ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். இரண்டும் நல்ல இடங்கள்தான். ஆனால் கீமோ (புற்றுக்கான மருந்து ஏற்றுவது) 21 நாளுக்கு ஒருமுறை, சில மருந்து வாரம் ஒருமுறை, மாதக்கணக்கில் போகும். பாதியில் நின்றுபோகும் தூரத்துச் சிகிச்சையைவிட, முழுசாக முடிகிற பக்கத்துச் சிகிச்சை மேல் என்பது என் கருத்து. திட்டத்தை வெளியே ஒருமுறை காட்டி உறுதி செய்துகொண்டு ஊசியை இங்கே போடுவது நடக்கிற காரியம்.

மைனிக்கு இன்னும் பிள்ளை வேண்டும் என்றால் அதைக் கீமோவுக்கு முன்னாலேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், டாக்டர் கேட்காவிட்டாலும். கீமோ சினைப்பையைப் பாதிக்கலாம், வயது கூடக்கூடப் பாதிப்பும் கூடும். முட்டையையோ கருவையோ எடுத்து உறைய வைக்க பத்திலிருந்து பதினான்கு நாள் ஆகும். பெரும்பாலும் தனியார் மையங்களில்தான், செலவும் கையைக் கடிக்கும். கீமோவுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி 28 நாளுக்கு ஒருமுறை போடும் ஊசி ஒன்று சினைப்பையைக் கொஞ்சம் காக்கும், ஆனால் உறைய வைப்பதற்கு அது ஈடாகாது. சிகிச்சை நடக்கும்போது மாதவிடாய் நின்றாலும் கரு தரிக்கலாம். அந்தச் சமயத்தில் தரிக்கவே கூடாது, அதற்கு ஹார்மோன் கருத்தடை மாத்திரையும் கூடாது. ஆணுறை அல்லது காப்பர்-டி. நாத்தனார் சொல்வதற்குக் கூச்சமாக இருந்தால் நர்ஸிடம் சொல்லி அண்ணனுக்குச் சொல்லச் சொல்லுங்கள். ஹார்மோன் வகைப் புற்றுக்கு மாத்திரை ஐந்திலிருந்து பத்து வருடம். ஒன்றரை வருடத்துக்கு மேல் சாப்பிட்ட பிறகு, பிள்ளைக்காக இரண்டு வருடம் வரை நிறுத்தலாமா என்று ஆராய்ந்து 2023-ல் வெளியிட்ட முடிவில், முதல் மூன்று வருடத்தில் நோய் கூடுதலாகத் திரும்பவில்லை. பத்து வருடம் கழித்தும் அப்படியேதானா என்பது இன்னும் முடியாத கணக்கு, அதனால் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது.

பணத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், மூன்றையும் எடுத்துக்கொண்டு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்துக்கு ஆட்களோடு போக வேண்டும். கார்டு ஏற்கெனவே இருந்தால் மைனி பெயர் ரேஷன் கார்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கல்யாணமாகி வந்த பெண்ணின் பெயர் அம்மா வீட்டுக் கார்டிலேயே கிடப்பதுதான் வழக்கமாக மாட்டுகிற இடம். மைனிக்குப் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் உங்கள் ஊர்ப் பக்கத்து முக்கூடல் பீடித் தொழிலாளர் மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சை உதவிக்கு எப்படி எழுதிக் கேட்பது என்று சிகிச்சைக்கு முன்பே விசாரியுங்கள். பில் எல்லாம் வந்த பிறகு விசாரித்தால் ஏதாவது ஒரு சீட்டு குறையும்.

கீமோ தொடங்கியதும் வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள், வேறெதையும் வாங்குவதற்கு முன்னால். ஊசி போட்ட ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாள் வரை வெள்ளையணுக்கள் மிகக் குறைவாக இருக்கும். அந்த நாட்களில் 100.4 டிகிரி தொட்டுவிட்டால் பாராசிட்டமால் போட்டுப் படுக்க வைக்கக் கூடாது, நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். அந்த வாரத்தில் ஆனித் தேரோட்டம், கல்யாண வீடு, நெரிசல் பஸ் எதுவும் வேண்டாம். பார்க்க வருகிறவர்களில் சளி இருமல் உள்ளவர்களை வாசலோடு அனுப்பிவிடலாம். இதைச் சொல்ல நாத்தனாருக்குத்தான் தைரியம் இருக்கும். சாப்பாட்டில் பத்தியம் வேண்டாம். முட்டை, மீன், பருப்பு, சூடான இட்லி, நன்றாகக் காய்ச்சிய பால் எல்லாம் கொடுக்கலாம். சீனியை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும் என்பதை நம்பி ஆளைப் பட்டினி போடாதீர்கள். முடி முதல் கீமோவுக்கு இரண்டு மூன்று வாரத்தில் கொத்துக் கொத்தாக வரும். அதற்கு முன்பே, அவருக்குச் சம்மதமானால், தோள் வரை வெட்டிவிட்டால் தலையணையில் பார்க்கும் அதிர்ச்சி குறையும். அக்குளில் நெறி எடுத்திருந்தால் டாக்டர் சொன்ன நாளிலிருந்து சுவரில் விரல்களை ஏற்றி ஏற்றிக் கையைத் தூக்கும் பயிற்சியைத் தினமும் செய்ய வைக்க வேண்டும். விட்டால் தோள் இறுகிக்கொள்ளும், பின்னால் கரண்ட் வைக்கக் கையைத் தூக்க முடியாமல் நாள் தள்ளும்.

ஆறுதல் சொல்வது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். "உனக்கு ஒண்ணுமில்லட்டி" என்று சொல்லாதீர்கள், ஒன்று இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். இன்னாருக்கு இப்படித்தான் வந்து போய்ச் சேர்ந்தாள் என்ற கதையை ஆரம்பிக்கும் பெரியம்மைமாரைப் பேச்சை மாற்றிக் கூட்டிப் போய்விடுங்கள். பிள்ளைக்குச் சடை பின்னி ஸ்கூலுக்கு அனுப்புவது, பைலில் ரிப்போர்ட்டைத் தேதி வாரியாக அடுக்குவது, அவர் பங்குப் பீடியை அந்த வாரம் நாலு பேர் பிரித்துச் சுற்றிக் கொடுப்பது: இவை பேச்சைவிடப் பெரிய ஆறுதல். பேசவே பிடிக்காமல், தூங்காமல், சாப்பிடாமல் இரண்டு வாரம் போனால் டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனையும் தமிழிலேயே கிடைக்கும். இரண்டாவது மார்பகத்தில் வந்திருக்கிறதா, எத்தனையாவது நிலை என்றெல்லாம் எழுத்து மூலம் நான் சொல்ல முடியாது. ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும் டாக்டரால்தான் முடியும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. ஆபரேஷன், கீமோ, கரண்ட் எல்லாம் முடிந்து முடி வளர்ந்த பிறகு ஊரே இதை மறந்துவிடும். இ.ஆர். பாசிட்டிவ் என்றால் அப்போதுதான் தினம் ஒரு மாத்திரை ஆரம்பிக்கும். பெரும்பாலும் டமாக்சிஃபென் 20 மில்லிகிராம், விலை அதிகமில்லை. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று இரண்டாவது வருடத்தில் நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். அட்டை தீர ஒரு வாரம் இருக்கும்போது அடுத்த அட்டை வீட்டில் இருக்கிற மாதிரி நாள்காட்டியில் நீங்களே சுழித்து வையுங்கள்.